காலுக்குத் தெரியும் கோளாறு

ஒரு சிறிய காரின் பிரேக் பெடலைத் தரை தொடும்வரை மிதித்தாலும், மாஸ்டர் சிலிண்டர் வெளியே தள்ளுகிற திரவம் சுமார் 8 மில்லிலிட்டர்தான். ஒன்றரைத் தேக்கரண்டி. நான்கு சக்கரங்களையும் பிடித்து நிறுத்தும் வேலை முழுவதும் அந்த அளவுக்குள் முடிந்தாக வேண்டும்.

கணக்கு எளிது. பெடலின் நெம்புகோல் விகிதம் நான்குக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், கால் 10 செ.மீ. கீழே போகும்போது சிலிண்டருக்குள் பிஸ்டன் இரண்டரை செ.மீ. நகரும். சிலிண்டரின் உள்விட்டம் 20 மி.மீ. என்றால் அதன் பரப்பு 3.14 சதுர செ.மீ. இரண்டையும் பெருக்கினால் 7.85 மி.லி. வண்டிக்கு வண்டி இந்த அளவுகள் மாறும். ஆனால் கையிருப்பு எப்போதும் இவ்வளவு சின்னதுதான். அதில் 1 மி.லி. எங்கேயாவது வீணானால், பிஸ்டன் கூடுதலாக 3.2 மி.மீ. போக வேண்டும், பெடல் கூடுதலாக 13 மி.மீ. இறங்கும். ஒரு விரல் பருமனுக்குக் கொஞ்சம் குறைவு. பழகிய கால் அதை உடனே உணர்ந்துவிடும்.

அந்த 13 மி.மீ. சாலையில் என்ன செய்யும் என்று பார்ப்போம். விருதுநகருக்குத் தெற்கே சாத்தூர் போகும் வழியில் இருக்கிறது சூலக்கரை. ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரிவரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 44 இந்தப் பக்கமாகத்தான் ஓடுகிறது. சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்துத் தீப்பெட்டிப் பண்டல்களை ஏற்றிய வண்டிகள், தொழிற்பேட்டைக்கு வந்துபோகும் சிறு சரக்கு வண்டிகள், தென்மாவட்டங்களுக்கு விரையும் கார்கள், திடீரென்று குறுக்கே திரும்பும் இருசக்கர வாகனங்கள் என்று எல்லாம் கலந்து ஓடும் நான்கு வழிச் சாலை. 90 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் 25 மீட்டரைக் கடந்துவிடும். பெடல் ஆழமாகப் போவதால் பிடிப்பு பத்தில் ஒரு வினாடி தாமதமானாலும், இரண்டரை மீட்டர் கைவிட்டுப் போகிறது. ஒரு பைக்கின் நீளத்தைவிட அது அதிகம்.

"அண்ணே, பிரேக் அடிச்சா பெடல் உள்ள போகுது" என்று சொல்லிக்கொண்டு பட்டறைக்கு வண்டி வருகிறது. பெரும்பாலான இடங்களில் உடனே வரும் பதில், "ஏர் பிடிச்சிருக்கும், ஏர் எடுத்துப் பாத்துருவோம்." அது சில நேரம் சரியாக இருக்கும். பல நேரம் இருக்காது. ஏர் எடுத்தும் சரியாகவில்லை என்றால் அடுத்து மாஸ்டர் சிலிண்டர் மாறும், பிறகு பூஸ்டர் மாறும், பணம் கரையும்; பின்சக்கர டிரம்மைக் கழற்றிப் பார்க்க யாருக்கும் தோன்றியிருக்காது. பெடல் உள்ளே போவது ஒரே புகார்தான். ஆனால் அதற்குப் பின்னால் நான்கைந்து வெவ்வேறு நோய்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் காலுக்கு வெவ்வேறு விதமாகத் தெரியும். எந்தக் கருவியும் வாங்காமல் அவற்றில் பாதியைப் பிரித்தறிய முடியும்.

அமுங்காத திரவம், அமுங்கும் காற்று

மூடிய பாத்திரத்தில் உள்ள திரவத்தின் மீது கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசையிலும் சமமாகப் பரவும் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் பிளெய்ஸ் பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டில் நிறுவினார். அந்த விதியைக் கார் சக்கரத்துக்குக் கொண்டு வந்தவர் அமெரிக்கரான மால்கம் லாக்ஹீட். 1921இல் டூசன்பெர்க் நிறுவனத்தின் கார் நான்கு சக்கரங்களிலும் திரவ பிரேக்குடன் வெளிவந்தது. தமிழ்நாட்டில் இந்தத் தொழில்நுட்பத்துக்கு முகவரி சென்னை பாடி. டிவிஎஸ் குழுமமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் சேர்ந்து 1962இல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா அங்கேதான் வளர்ந்தது.

கால் 20 கிலோ விசையோடு மிதித்தால், நெம்புகோல் அதை 80 கிலோ ஆக்குகிறது. எஞ்சினின் வெற்றிட உறிஞ்சலால் இயங்கும் பூஸ்டர் அதை மேலும் மூன்று மடங்காகப் பெருக்கினால், குழாய்களுக்குள் சதுர செ.மீ.க்கு 70 கிலோவைத் தாண்டிய அழுத்தம் உருவாகிறது. அந்த அழுத்தத்திலும் பிரேக் திரவம் ஏறக்குறைய அமுங்குவதே இல்லை. காற்று அப்படியல்ல. 1 மி.லி. காற்றுக் குமிழ் அந்த அழுத்தத்தில் எழுபதில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அந்த வெற்றிடத்தை நிரப்பவே 1 மி.லி. திரவம் செலவாகிறது. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு அழுத்தினால் எப்படித் துள்ளுமோ, பெடலும் அப்படியே காலடியில் துள்ளும்.

இப்போது இன்னொரு கணக்கு. நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முன்சக்கரத்தில் டிஸ்க், பின்சக்கரத்தில் டிரம். ஒவ்வொரு டிரம்முக்குள்ளும் ஒரு வீல் சிலிண்டர். அதில் இரண்டு பிஸ்டன்கள் இரண்டு ஷூக்களை வெளிப்புறம் தள்ளும். சிலிண்டரின் விட்டம் 18 மி.மீ. என்று கொள்வோம். ஷூவின் மேலுள்ள லைனர் தேய்ந்து, டிரம்முக்கும் ஷூவுக்கும் இடைவெளி கூடி, ஒவ்வொரு பிஸ்டனும் 1 மி.மீ. மட்டும் அதிகம் நகர வேண்டியிருக்கிறது என்றால், நான்கு பிஸ்டன்களுக்கும் சேர்த்துக் கூடுதலாகத் தேவைப்படும் திரவம் 1 மி.லி.

ஒரு காற்றுக் குமிழ் பறித்த அதே 1 மி.லி.யை ஒரு மில்லிமீட்டர் தேய்மானமும் பறிக்கிறது. இரண்டிலும் பெடல் அதே 13 மி.மீ. இறங்கும். அளவை மட்டும் பார்த்தால் நோயைப் பிரிக்கவே முடியாது. ஆனால் இறங்கிய பிறகு பெடல் எப்படி நிற்கிறது என்று பார்த்தால் பிரிக்கலாம்: காற்று என்றால் கடைசிவரை பஞ்சாக இருக்கும், இடைவெளி என்றால் ஆழம் போனாலும் அடியில் கல்லாக நிற்கும்.

நின்ற இடத்திலேயே மூன்று சோதனைகள்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டுத் தொடங்கலாம்.

முதல் சோதனை, பெடலை வேகமாக இரண்டு மூன்று முறை அடிப்பது. அடிக்க அடிக்கப் பெடல் மேலே வந்து கெட்டியாகிறது என்றால், சந்தேகம் பின்சக்கர டிரம் பக்கம் போக வேண்டும். முதல் மிதியில் வெளியே வந்த ஷூக்கள் முழுவதும் உள்ளே திரும்புவதற்குள் அடுத்த மிதி வந்துவிடுகிறது. அதனால் இடைவெளி தற்காலிகமாகக் குறைகிறது. மேலே வந்தும் துள்ளல் போகவில்லை என்றால் காற்று. டிரம் மீதான சந்தேகத்தை உறுதிப்படுத்த இன்னொரு வழி உண்டு. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் பெடலை மிதிக்க வேண்டும். ஹேண்ட் பிரேக் பின்சக்கர ஷூக்களை முன்கூட்டியே டிரம்மோடு சேர்த்து வைத்துவிடுகிறது. அப்போது பெடல் நல்ல உயரத்தில் நின்றால், குற்றவாளி பின்சக்கர இடைவெளிதான்.

இந்த இடைவெளி தானாகக் குறைய வேண்டும் என்பதற்காகவே டிரம்முக்குள் ஆட்ஜஸ்டர் வைத்திருக்கிறார்கள். கரிசல் சேறும் தூசியும் புகுந்து அது துருப்பிடித்து இறுகிவிட்டால், லைனர் தேயத் தேயப் பெடல் இறங்கிக்கொண்டே வரும். இங்கே நடக்கும் பொதுவான தவறு ஒன்று உண்டு. ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று கேபிளை மட்டும் இழுத்து முடுக்கிவிடுவார்கள். கேபிள் ஷூக்களை எப்போதும் பாதி விரித்து வைத்திருந்தால், பல வண்டிகளில் ஆட்ஜஸ்டர் வேலையே செய்யாது. முதலில் டிரம்மைக் கழற்றி, ஆட்ஜஸ்டரைச் சுத்தம் செய்து, இடைவெளியைச் சரிசெய்த பிறகே கேபிளைத் தொட வேண்டும்.

இரண்டாவது சோதனை, பெடலை மிதமான விசையோடு மிதித்து அப்படியே அரை நிமிடம் பிடித்திருப்பது. பெடல் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். மெல்ல மெல்லக் கீழே நழுவினால் அழுத்தம் எங்கோ கசிகிறது. சக்கரங்களின் உட்புறம், குழாய் இணைப்புகள், டிரம்மின் விளிம்பு ஆகியவற்றில் ஈரம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். எங்கும் ஈரமில்லை, மாஸ்டர் சிலிண்டருக்குத் திரவம் தரும் டப்பாவில் அளவும் குறையவில்லை என்றால், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் கப் தேய்ந்திருக்கிறது. பிஸ்டனைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே திரவம் டப்பாவுக்குத் திரும்புகிறது. இந்தக் கோளாறு வேகமாக ஓங்கி மிதித்தால் தெரியாமல் போகலாம். மெதுவாக மிதித்துப் பிடிக்கும்போதே காட்டிக்கொடுக்கும். சிக்னலில் காத்திருக்கும்போது கால் தன்னால் இறங்குகிறது என்று ஓட்டுநர்கள் சொல்வது இதைத்தான்.

திரவம் குறைகிறது, ஆனால் தரையில் ஒரு சொட்டுக்கூட இல்லை என்றால்? மாஸ்டர் சிலிண்டரின் பின்முத்திரை கிழிந்து, திரவம் பூஸ்டருக்குள் போய்த் தேங்கியிருக்கலாம். 2016 மே மாதம் ஃபோர்டு நிறுவனம் 2013, 2014 மாடல் எஃப்-150 பிக்கப் வண்டிகளில் சுமார் 2,71,000 வண்டிகளைத் திரும்ப அழைத்தது இதே காரணத்துக்காகத்தான். முன்சக்கரச் சுற்றின் திரவம் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து பூஸ்டருக்குள் கசியக்கூடும், அப்போது பெடல் நீளமாகப் போகும் என்பதே அந்த நிறுவனம் கண்ட குறை. பெரிய தொழிற்சாலையில் செய்த பாகத்துக்கும் இது நேரும். மாஸ்டர் சிலிண்டரை பூஸ்டரிலிருந்து இரண்டு நட்டுகளைத் தளர்த்திக் கொஞ்சம் முன்னே நகர்த்திப் பார்த்தால் ஈரம் தெரிந்துவிடும்.

மூன்றாவது சோதனை, நல்ல பூஸ்டரைக் குற்றவாளியாக்காமல் இருப்பதற்கு. எஞ்சினை அணைத்துவிட்டுப் பெடலை ஐந்தாறு முறை மிதித்தால் பூஸ்டரில் சேமித்திருந்த வெற்றிடம் தீர்ந்து, பெடல் இறுகிவிடும். அப்படியே மிதித்துப் பிடித்துக்கொண்டு எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பெடல் லேசாக இறங்கி நிற்கும். இது கோளாறு அல்ல. பூஸ்டர் உயிரோடு இருக்கிறது என்பதன் அடையாளம். இந்த இறக்கத்தைக் கசிவு என்று எண்ணி நல்ல மாஸ்டர் சிலிண்டரை மாற்றிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். பூஸ்டர் கெட்டால் பெடல் பெரும்பாலும் மிருதுவாகாது, கட்டையாக இறுகிப்போகும்.

இன்னும் இரண்டு குறிகள். பெடல் பாதி தூரம் வெறுமையாகப் போய், அதன் பிறகு கெட்டியாகிப் பிடித்தால், பிரேக்கின் இரண்டு தனித்தனித் திரவச் சுற்றுகளில் ஒன்று செத்துவிட்டது. அந்தக் காலத்துக் கார்களில் ஒரே சுற்றுதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் போய்விடும். இப்போது இரட்டை மாஸ்டர் சிலிண்டர் இரண்டு சக்கரங்களையாவது காப்பாற்றும். ஆனால் நிற்கும் தூரம் மிகவும் கூடிவிடும். அந்த நிலையில் வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகக் கூடாது. அடுத்தது, குண்டும் குழியுமான சாலையைத் தாண்டிய உடன் முதல் மிதி மட்டும் ஆழம் போய், இரண்டாவது மிதி சரியாக இருந்தால், வீல் பேரிங்கின் ஆட்டமோ டிஸ்க்கின் கோணலோ டிஸ்க்கைப் பிடிக்கும் பேடைப் பின்னுக்குத் தள்ளுகிறது. இதற்கு ஏர் எடுத்துப் பயனில்லை.

மலையில் காணாமல் போகும் பிரேக்

கார்த்திகை பிறந்தால் விருதுநகர் பக்கத்திலிருந்து சபரிமலைக்குக் கார்கள் புறப்படுகின்றன. செங்கோட்டை வழியாகவோ கம்பம், குமுளி வழியாகவோ போகும் அந்த வண்டிகளில் பல, வருடம் முழுவதும் சமதளத்தில் ஓடியவை. மலையில் ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது பெடல் ஒவ்வொரு வளைவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, ஒரு கட்டத்தில் காலடியில் ஒன்றுமே இல்லாமல் போகும். வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஒரு மணி நேரம் கழித்து மிதித்தால் பெடல் பழையபடி நிற்கும். ஊருக்கு வந்து காட்டினால் மெக்கானிக்கும் ஒரு குறையையும் காணமாட்டார்.

ஏனென்றால் குறை வெப்பத்தில் மட்டுமே வெளிப்படுகிறது. ஆட்களோடு 1,200 கிலோ எடையுள்ள கார் 500 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளியேற்ற வேண்டிய ஆற்றல் சுமார் 59 லட்சம் ஜூல். 30 டிகிரியில் இருக்கும் 20 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அது போதும். கியரைக் குறைத்து எஞ்சினின் எதிர்ப்பில் இறங்கினால் அதில் பெரும்பங்கை எஞ்சின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் விட்டு, பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் பெரும்பகுதி டிஸ்க்கிலும் டிரம்மிலும் போய்ச் சேரும். அங்கிருந்து டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பருக்கு, காலிப்பரிலிருந்து திரவத்துக்கு.

புதிய டாட் 3 திரவம் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரையும், டாட் 4 திரவம் 230 டிகிரி வரையும் கொதிக்கக் கூடாது என்பது தர விதி. ஆனால் இந்தத் திரவங்கள் ஈரத்தை உறிஞ்சும் குணம் கொண்டவை. டப்பாவின் மூடித் துளை வழியாகவும் ரப்பர் ஹோஸ்களின் சுவர் வழியாகவும் காற்றின் ஈரம் உள்ளே சேர்ந்துகொண்டே இருக்கும். 3.7 சதவீதம் தண்ணீர் கலந்த நிலையில் டாட் 3 தாங்க வேண்டிய குறைந்தபட்ச அளவு 140 டிகிரி. டாட் 4க்கு 155 டிகிரி. மலை இறக்கத்தில் காலிப்பர் அந்த வெப்பத்தை எட்டுவது அரிதல்ல.

தண்ணீர் ஆவியாகும்போது அதன் கன அளவு சாதாரண அழுத்தத்தில் சுமார் 1,600 மடங்காகிறது. ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 0.01 மி.லி. தண்ணீர் ஆவியானாலும் 16 மி.லி. இடம் பிடிக்கும். அது மாஸ்டர் சிலிண்டரின் மொத்தக் கையிருப்பைப் போல் இரு மடங்கு. கால் எடுத்த நேரத்தில் அந்த ஆவி திரவத்தை டப்பாவுக்குத் துரத்திவிடும். அடுத்த மிதியில் பெடல் ஆவியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிடும். ஆறிய பிறகு ஆவி மீண்டும் தண்ணீராகிவிடுவதால் தடயமும் இருக்காது.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு நிலை இருக்கிறது. லைனரும் பேடும் அளவுக்கு மீறிச் சூடாகி உராய்வை இழந்தால், பெடல் உயரமாகவும் கெட்டியாகவும் இருக்கும். வண்டி மட்டும் நிற்காது. பெடல் கெட்டி, பிடிப்பு இல்லை என்றால் உராய்வுப் பொருள். பெடலே இல்லை என்றால் திரவம். மலையில் நடந்ததை மெக்கானிக்கிடம் சொல்லும்போது இந்த ஒரு வேறுபாட்டைச் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும். சூடானால் மட்டும் பெடல் போகிறது என்பதற்கு மருந்து, திரவம் முழுவதையும் மாற்றுவது. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது பல நிறுவனங்களின் அட்டவணையிலேயே இருக்கிறது. திறந்து பாதி வைத்திருந்த பழைய பாட்டிலிலிருந்து ஊற்றினால் ஈரத்தையும் சேர்த்தே ஊற்றுகிறோம்.

ஏர் எடுத்தும் போகாத ஏர்

காற்றுதான் குற்றவாளி என்று உறுதியான பிறகும், சில வண்டிகளில் காற்றை வெளியேற்றும் நிப்பிளை எத்தனை முறை திறந்து மூடினாலும் பஞ்சுத்தன்மை போகாது. காலிப்பர்களைக் கழற்றி மாட்டும்போது இடது வலது மாறியிருந்தால், நிப்பிள் மேலே இருப்பதற்குப் பதில் கீழே வந்துவிடும். காற்று எப்போதும் மேலே நிற்கும். கீழே இருக்கும் நிப்பிள் வழியாகத் திரவம் மட்டுமே வரும். புதிதாக மாட்டிய மாஸ்டர் சிலிண்டருக்குள் நின்ற காற்றும் அப்படித்தான். அதை வண்டியில் ஏற்றுவதற்கு முன்பே மேசையில் வைத்து எடுத்துவிட வேண்டும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். அதன் வால்வுப் பெட்டிக்குள் காற்று புகுந்துவிட்டால், பல மாடல்களில் ஸ்கேனர் மூலம் அதன் பம்பை இயக்கித்தான் வெளியேற்ற முடியும்.

பழைய வண்டியில் ஏர் எடுக்கும்போது பெடலைத் தரைவரை ஓங்கி மிதிப்பதும் ஆபத்து. அன்றாடம் பிஸ்டன் போகாத சிலிண்டரின் கடைசிப் பகுதியில் துருவும் படிவும் இருக்கும். அதில் உரசி ரப்பர் கப் கிழியும். ஏர் எடுக்க வந்த வண்டி மாஸ்டர் சிலிண்டர் போன வண்டியாகத் திரும்பும். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தால் இது நேராது.

எந்தச் சக்கரத்தில் குறை என்று தெரியவில்லை என்றால், அதற்கென்று உள்ள வழுவழுப்பான கிளாம்பால் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்ப்பது தேர்ந்த மெக்கானிக்குகளின் முறை. நான்கையும் அடைத்தபோது பெடல் உயரமாகக் கெட்டியாக நின்றால் மாஸ்டர் சிலிண்டர் நன்றாக இருக்கிறது. எந்த ஹோஸைத் திறந்ததும் பெடல் இறங்குகிறதோ அந்தச் சக்கரத்தில்தான் காற்றோ, தேய்மானமோ, உப்பிய ஹோஸோ இருக்கிறது. வெறும் குறடால் நசுக்கினால் ஹோஸின் உட்சுவர் கிழிந்துவிடும்.

எக்காரணம் கொண்டும் செய்யக் கூடாதது ஒன்று: அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலையோ ஸ்டியரிங் ஆயிலையோ பிரேக் டப்பாவில் ஊற்றுவது. அந்த எண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் பாகங்கள் ஊதிப்போகும். மாஸ்டர் சிலிண்டர் முதல் நான்கு சக்கரங்கள் வரை எல்லா ரப்பரையும் மாற்ற நேரிடும்.

சரக்கு வண்டிகளும் டாக்சிகளும் எட்டு ஆண்டுவரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும், அதன் பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் தகுதிச் சான்றுக்குப் போக வேண்டும். சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். அதுவரை அதன் பிரேக்கை அரசு தரப்பில் யாரும் சோதிப்பதில்லை. அந்தப் பதினைந்து ஆண்டும் சோதிக்கும் பொறுப்பு ஓட்டுகிறவருடைய காலுக்குத்தான். ஆகவே பழுது பார்த்த வண்டியைப் பட்டறை வாசலிலேயே சோதித்து வாங்க வேண்டும்: எஞ்சின் ஓடும்போது அரை நிமிடம் பெடலைப் பிடித்துப் பார்ப்பது, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் 20 கி.மீ. வேகத்தில் சில முறை நிறுத்திப் பார்ப்பது, நான்கு சக்கரங்களின் உட்புறத்தையும் ஈரம் உண்டா என்று பார்ப்பது, மறுநாள் காலையில் டப்பாவின் அளவுக் கோட்டை மீண்டும் பார்ப்பது. இவற்றில் ஒன்று தவறினாலும் வண்டியை நெடுஞ்சாலையில் ஏற்றாமல் அதே பட்டறைக்குத் திருப்பிவிட வேண்டும்.